மைசூர்பாகு 'ஒரு துண்டு' என்றால் எத்தனை கிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டித் தங்கள் இணைப்பிதழில் வந்த இனிப்புகளின் கலோரிப் பட்டியல் நல்ல எண்ணத்தில் போடப்பட்டதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட முடியாது. 'மைசூர்பாகு - 1 துண்டு', 'பாயசம் - 1 கப்', 'குலாப் ஜாமூன் - 1' என்று போட்டு எதிரே ஓர் எண் இருக்கிறது. துண்டு எத்தனை கிராம், கப் எத்தனை மில்லி என்பது எங்குமே இல்லை. இங்கே பெங்களூரில் அடுத்தடுத்த இரண்டு ஸ்வீட் கடைகளில் வாங்கினால், ஒன்றில் துண்டு 25 கிராமும் இன்னொன்றில் 50 கிராமும் இருக்கலாம். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே கலோரி!

மைசூர்பாகையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கடலைமாவு, 250 கிராம் சர்க்கரை, 300 கிராம் நெய். கலோரி முறையே சுமார் 380, 1000, 2700, மொத்தம் 4,080. பாகுக்கு விட்ட தண்ணீரிலும் கொஞ்சம் தங்குவதால், இறக்கி ஆறவைத்த பிறகு ஏறத்தாழ 680 கிராம் நிற்கும். ஆக, கிராமுக்கு 6 கலோரி. 25 கிராம் துண்டு 150, 50 கிராம் துண்டு 300. இது வாயில் கரைகிற நெய் மைசூர்பாகின் கணக்கு. துளை துளையாக, பொரபொரவென்று இருக்கும் பழைய வகையில் நெய் குறைவு. அதிலும் கொஞ்சம் வடிந்துவிடும். கிராமுக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே காற்று இருப்பதால் பார்வைக்குப் பெரிதாகவும் கைக்கு லேசாகவும் இருக்கும். கண்ணளவில் போடுகிறவர்கள் அந்தப் பெரிய துண்டைப் பார்த்துப் பயந்து, பக்கத்தில் இருக்கும் சின்ன நெய்த் துண்டைத் தயங்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள்.

கடை இனிப்புக்கு எளிய வழி ஒன்று உண்டு. கால் கிலோ பெட்டியில் எத்தனை துண்டு என்று எண்ணி, 250-ஐ அதனால் வகுத்தால் போதும். 7 துண்டு என்றால் ஒன்று 36 கிராம் சொச்சம். அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுக்கும் கடைகள் உண்டு என்பதால், சந்தேகம் இருந்தால் இனிப்பை மட்டும் தட்டில் எடுத்து வைத்து நிறுத்துவிடுங்கள்.

இனி, கிராமுக்கு எத்தனை கலோரி என்பதை ஊகிப்பது எப்படி? இனிப்பில் நீர் எவ்வளவு, நெய் எவ்வளவு என்று பாருங்கள். சர்க்கரையும் மாவும் கிராமுக்கு 4, கொழுப்பு 9, நீர் பூஜ்யம். நீர் மிகக் குறைவாக, நெய்யில் ஊறிய மைசூர்பாகு வகை 5 முதல் 6. லட்டு, முந்திரி கத்லி 5-ஐ ஒட்டி. பால்கோவா 4 சொச்சம். தண்ணீர் விட்டுக் கிளறிய கேசரி 3. பாயசம் 2. பாகைப் பிழிந்த ரசகுல்லா 2-க்கும் கொஞ்சம் கீழே. இந்த ஏழெட்டு எண்கள் நினைவில் இருந்தால் எடை மட்டும்தான் பாக்கி. 'சுகர் ஃப்ரீ' கத்லியிலும் முந்திரி அப்படியேதான் இருக்கிறது. முந்திரி மட்டுமே கிராமுக்கு 6-ஐ நெருங்கும். வெல்லம் போட்டால் குறையும் என்பதும் வீண் ஆறுதல். சர்க்கரைக்கும் அதற்கும் கலோரியில் பேர் சொல்லும் வித்தியாசம் கிடையாது.

தர்ஷினியில் (இங்குள்ள நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) சௌ சௌ பாத், அதாவது உப்புமாவும் கேசரியும் ஒரே தட்டில், சாப்பிடுகிறவர் தராசைக் கையில் எடுத்துப் போக முடியாதுதான். ஆனால் அங்கே கேசரி பாத் ஒரே கிண்ணத்தில் அழுத்தித் தட்டில் கவிழ்க்கப்படுகிறது. அந்தக் கிண்ணம் நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஒருமுறை பார்சல் வாங்கி வந்து வீட்டில் நிறுத்தால் அந்தக் கடைக்கு அந்த எண்ணே போதும். 120 கிராம் இருந்தால் 360 கலோரி. முந்திரி, திராட்சை தூக்கலாக இருந்தாலோ, தட்டின் ஓரத்தில் நெய் பளபளத்தாலோ 400 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பட்டின் (போளியின்) மேல் விடும் நெய்யும் இப்படித்தான் கணக்கில் விட்டுப்போகிறது. ஒரு டீஸ்பூன் 40 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் 120. வீட்டு நெய்க் கரண்டி இந்த இரண்டில் எது என்பதைத் தண்ணீர் விட்டு அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்வதற்குப் பாத்திரக் கணக்கைவிடச் சரியானது இல்லை. பால் பாயசத்துக்கு 1 லிட்டர் முழுக்கொழுப்புப் பால் (6 சதவீதக் கொழுப்பு) சுமார் 870, அரிசி 75 கிராம் 260, சர்க்கரை 150 கிராம் 600, நெய் 2 டேபிள்ஸ்பூன் 240, முந்திரி 20 கிராம் 115. கூட்டினால் 2,085. காலிப் பாத்திரத்தை முதலிலேயே நிறுத்து எழுதி வையுங்கள். 1,240 கிராம் என்று வைத்துக்கொள்வோம். செய்து முடித்ததும் பாத்திரத்தோடு 2,290 என்றால் பாயசம் 1,050 கிராம். கிராமுக்கு 2. கிண்ணத்தைத் தராசில் வைத்து, 'டேர்' பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, 150 கிராம் ஊற்றினால் 300 கலோரி. பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். போட்ட சாமான்களின் எடையைக் கூட்டி அதனால் வகுத்துவிடுவார்கள். ஆனால் அடுப்பில் கால் லிட்டர் நீர் ஆவியாகிவிட்டது. அதைக் கழிக்காவிட்டால் கிண்ணத்தின் கலோரி குறைத்துக் காட்டும். அடுத்தது, கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தைத் தராசில் வைப்பது. சூட்டில் எண் நிலையாக நிற்காது, பிளாஸ்டிக் தட்டும் பாழ். ஆறவிட்டு நிறுக்க வேண்டும். அவசரமானால் கீழே ஒரு மரப் பலகை வைத்து அதையும் டேர் செய்துவிடலாம்.

பாலை 3 சதவீத டோன்டு பாலாக மாற்றினால் லிட்டருக்கு 270 கலோரி குறையும். கேட்க அதிகமாகத் தோன்றும். 150 கிராம் கிண்ணத்துக்கு வகுத்தால் 40கூட இல்லை. என்னைக் கேட்டால் நல்ல பாலில் செய்து 100 கிராம் சாப்பிடுவது மேல்.

ஜாமூனில் சிக்கல் பாகு. 500 கிராம் சர்க்கரையில் காய்ச்சிய பாகு 800 கிராம் நின்றால், அதில் கிராமுக்கு 2.5 கலோரி. 20 ஜாமூன் ஊறி முடிந்தபின் 500 கிராம் பாகு மிச்சம் என்றால், உள்ளே போனது 300. ஒன்றுக்கு 15 கிராம், 38 கலோரி. அதோடு பொரித்த உருண்டையின் கலோரி. உருண்டை குடித்த எண்ணெயையும் பொரிப்பதற்கு முன்னும் பின்னும் சட்டியோடு நிறுத்துத்தான் அறிய முடியும். பாகை மிச்சம் வைக்காமல் கிண்ணத்தோடு குடிப்பவர் இந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

தங்கள் பட்டியலில் அப்பட்டமான பிழை ஐஸ்கிரீம் வரிசையில் இருக்கிறது. 100 மில்லி கப்புக்கு 100 கிராமின் கலோரியைப் போட்டிருக்கிறீர்கள். ஐஸ்கிரீமில் காற்றைக் கடைந்து ஏற்றுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரவிதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் இருந்தால் போதும். எனவே 100 மில்லி கப்பில் 52, 53 கிராம்கூட இருக்கலாம். 100 கிராமுக்கு 200 கலோரி என்று அட்டையில் இருந்தால், கப்புக்கு 105 தான். குல்ஃபியில் காற்று ஏற்றுவதில்லை என்பதால் அதே 100 மில்லி 100 கிராமை ஒட்டியே இருக்கும். அட்டையில் 'ஒரு பரிமாறல்' என்று போட்டிருக்கும் அளவைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லலாம். அதன் அருகே வரும், ஒரு நாள் தேவையில் எத்தனை பங்கு என்று காட்டும் சதவீதம் நாளுக்கு 2,000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற அடிப்படையில் போடப்படுவது.

செல்போன் செயலிகளில் 'கீர், 1 பவுல்' (பாயசம், ஒரு கிண்ணம்) என்று தேடினால் வரும் எண்களில் பல, யாரோ பயனர்கள் போட்டவை. மாவுச்சத்தையும் புரதத்தையும் 4-ஆல், கொழுப்பை 9-ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். காட்டும் கலோரிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் அந்தப் பதிவைத் தொடாதீர்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. அவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். ஜாங்கிரி அதில் இருக்காது. ஆனால் கடலைமாவுக்கு வேண்டிய கடலையும், முந்திரியும், அரிசியும் இருக்கின்றன. செய்முறையோடு அவற்றைச் சேர்த்துத் தங்கள் குழுவே கணக்கிடலாம். திருத்திய பட்டியலில் 100 கிராமுக்குக் கலோரி, வழக்கமான துண்டின் எடை, எந்தச் செய்முறை அளவில் கணக்கிட்டது என்று மூன்றையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் இனிப்புகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு