மாமா வெட்டிய வாய்க்கால்

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் பாதியில் டவர் போய்விடுகிறது. இல்லையென்றால் உனக்கு ஆஸ்திரேலியாவில், அந்த டார்வினில், தூங்குகிற நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களை அப்பா பார்த்தார். "காட்டுக்குத் தீ வைக்கிறவர்களோடு திரிகிறாளே" என்று ஒரே புலம்பல். நீ சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். டார்வினுக்குக் கிழக்கே ஆர்னம் லேண்டில் பூர்வகுடிகள் மழை முடிந்த கையோடு, புல்லில் ஈரம் காயும் முன்னே அங்கங்கே சின்னத் தீயாக வைப்பார்கள், ராத்திரிப் பனியில் அது தானே அவியும், வைக்காமல் விட்டால் கோடைக் கடைசியில் காடே எரியும் என்றேன். 2006-லிருந்து 28,000 சதுர கிலோமீட்டரில் இதைச் செய்கிறார்கள், புகை குறைகிற கணக்குக்குப் பணமும் வருகிறது என்றதும், "எங்கே எப்போது வைப்பது என்று முடிவு பண்ணுவது யார்?" என்று கேட்டார். அப்பாவுக்கு இந்த மாதிரி கேள்வி எப்போதாவதுதான் வரும். எனக்கும் அதே கேள்விதான்.

நீ விடுதியில் படித்தபோது இங்கே நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. பழையது எல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். கடலடியில் முளைக்கிற மரிக்கொழுந்துப் பாசியை இரும்புக் கரண்டியால் பாறையோடு சுரண்டி எடுத்தவர்கள்தான் நாங்கள். எடை கூடினால் காசு கூடும், அவ்வளவுதான் அன்றைக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு முங்குக்கு ஒரு பிடி கிடைத்த இடத்தில் நாலு விரலுக்குக்கூடத் தேறவில்லை. பெண்கள் உட்கார்ந்து பேசினோம். கரண்டி வேண்டாம், விரலில் துணி சுற்றிக் கையால் கிள்ளுவோம், அடியை விட்டுவைப்போம் என்றோம். அடி இருந்தால் மறுபடி தழைக்கும். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், மாசத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது. அந்த நாட்களில்தான் கடல் உள்வாங்கி வத்தம் நன்றாக இருக்கும், மற்ற நாள் பாசிக்கு. ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை வந்தால் நாங்களும் இறங்குவதில்லை. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற லட்சுமி அக்காவுக்கு 2015-ல் அமெரிக்காவில் விருது கொடுத்தபோதுதான் வெளியில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்தது.

தேவிபட்டினத்துக்கு வடக்கே மாமா ஊரில் நடந்தது வேறு மாதிரி. அலையாத்தி நடுகிறோம் என்று ஒரு கூட்டம் வந்தது. யார் என்று எழுதவில்லை, விடு. நூல் பிடித்த மாதிரி வரிசையாக நட்டார்கள். கன்று சுமக்க மாமாவுக்கும் கூலி கிடைத்தது. அந்த இடம் தட்டு மாதிரி குழிவானது. கடல் பெருக்கில் ஏறுகிற தண்ணீர் வத்தத்தில் இறங்காமல் தேங்கும், வெயிலில் சுண்டி உப்புப் பூக்கும். "தண்ணி வர வழி இருக்கு, போக வழி இல்லையே" என்று மாமா சொல்லிப் பார்த்தார். கன்று தூக்குகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? வைகாசிக்குள் எல்லாம் குச்சியாகிவிட்டது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதே சிக்கலுக்கு ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டித்தான் காட்டை மீட்டார்கள் என்று பின்னால் யாரோ சொன்னபோது, மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் அவரும் நாலு பையன்களும் மண்வெட்டி எடுத்துப்போய் ஓடையிலிருந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டார்கள். யாரும் ஒரு கன்றுகூட நடவில்லை. மழைக்காலத்தில் மிதந்து வந்த விதைகள் சேற்றில் ஒதுங்கி முளைத்து, இப்போது என் இடுப்பு உயரம். மாமா அதில் இறால் குஞ்சு பார்த்ததாகச் சொல்கிறார். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

நீ அங்கே நோட்டுப் புத்தகத்தோடு பெரியவர்கள் பின்னால் நடக்கிறாய். நல்லதுதான். ஆனால் வரைபடம் வரைந்து முடித்த பிறகு அவர்களிடம் போய் மரத்தின் பேரை மட்டும் கேட்காதே. வெறும் காகிதத்தோடு முதலில் போ. அவர்கள் வேண்டாம் என்கிற இடத்தை விட்டுவிடு, காரணம் சொல்லாவிட்டாலும்.

கார்த்திகையில் லீவு கிடைக்குமா? வந்தால் மாமா ஊருக்குப் போகலாம். பெருக்கு ஏறுகிற நேரத்துக்கு அங்கே நிற்கவேண்டும், அப்போதுதான் அந்த வெட்டுக்குள் தண்ணீர் நுழைவதைப் பார்க்கலாம். எந்த நாள் தோது என்று மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன். வரும்போது அப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்கி வா, நீ படத்தில் போட்டிருக்கிற மாதிரி.

இப்படிக்கு,
அம்மா