விலையைப் பிரி: முதல் சம்பளம் வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

செலவுகளைத் தேவை, ஆசை என்று இரண்டு பட்டியலாக எழுதச் சொல்வார்கள். எழுத உட்கார்ந்தால் எல்லாமே தேவைப் பட்டியலில்தான் போய் விழும். ஒவ்வொன்றுக்கும் மனசு ஒரு காரணம் வைத்திருக்கும். அதனால் பொருளைப் பிரிக்காதே, விலையைப் பிரி.

போன் வாங்கப் போகிறாய் என்று வை. அது செய்ய வேண்டிய வேலைகளை முதலில் எழுது: பேச்சு, செய்தி, வங்கிச் செயலி, வழி பார்ப்பது. இவற்றை ஒழுங்காகச் செய்து, சில வருடமாவது அப்டேட் கிடைக்கும் மலிவான மாடலின் விலை வரைக்கும் தேவை. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் ஆசைக்கு. கொடுப்பதில் தப்பில்லை; எவ்வளவு என்று தெரிந்து கொடு.

அந்த மேல்தொகையை உழைப்பு நேரமாக மாற்றிப் பார். கைக்கு வரும் மாதச் சம்பளத்தில் போக்குவரத்துச் செலவைக் கழித்து, மீதியை அந்த மாதத்தின் வேலை நேரமும் பயண நேரமும் சேர்ந்த மணிகளால் வகு. அதுதான் உன் ஒரு மணி நேரத்தின் உண்மையான கூலி. மேல்தொகையைக் கூலியால் வகுத்தால் எத்தனை மணி நேர உழைப்பு என்று தெரிந்துவிடும். சந்தா என்றால் முதலில் 12ஆல் பெருக்கு. தவணை என்றால் மொத்த மாதங்களால் பெருக்கி, தவணைக்காகத் தனியாக வாங்கும் செயலாக்கக் கட்டணத்தையும் சேர்.

எதை வாங்கும் முன்பும் 30 நாள் பொறு என்பார்கள். ஆசைக்குச் சரி. ஒழுகும் குழாயையும் வலிக்கும் பல்லையும் அப்படி விட்டால் செலவு ஏறும். பலர் சறுக்குவது இங்கேதான்: 'இன்று மட்டும் தள்ளுபடி' சத்தம் போடுகிறது, பல் மெல்லத்தான் வலிக்கிறது. தள்ளிப்போட்டால் செலவு கூடுமா என்று கேள். கூடுமென்றால் அதற்குத்தான் முதல் பணம்.

நேரத்துக்கும் இதே கேள்விதான். வாரத்துக்கு 168 மணி. தூக்கத்துக்கு 56, வேலைக்கும் பயணத்துக்கும் 55, சமையல், குளியல், துணிக்கு 21 போனால் மிஞ்சுவது 36. தினம் இரண்டு மணி நேரம் போன் பார்த்தால் அதில் 14 காலி. ஆனால் அந்த 14ஐ விட்டுவிட்டு எல்லாரும் தூக்கத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். தூக்கம் பில் அனுப்பாது. மறுநாள் ஒரு மணி நேர வேலையை இரண்டு மணி நேரமாக இழுத்து வசூலித்துக்கொள்ளும்.

மலிவு தேடி அலைவதையும் அந்தக் கூலியோடு ஒப்பிட்டுப் பார். மூன்று மணி நேரம் தேடி மிச்சம் பிடித்தது ஒரு மணி நேரக் கூலிகூட இல்லையென்றால், அந்தத் தேடலே ஒரு பொழுதுபோக்கு. ஆசைக் கணக்கில் எழுதிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்