2024ஆம் ஆண்டறிக்கை: பாறையேறும் பயணங்களுக்கு மன்றத்தின் வண்டி

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயலவையினரே, மன்றத்தின் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் அறிக்கையும் கணக்கும் விதிப்படி 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவில் சமர்ப்பிக்கப்பட்டன. சந்தா வசூல் சீராக நடக்கிறது. கணக்கைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். இவ்வாண்டு செயலவை உட்கார்ந்து உட்கார்ந்து பேசியது ஒரே விஷயத்தைத்தான்: பாறையேறப் போகும் நம் பிள்ளைகளுக்கு எந்த வண்டி வாங்குவது?

சுங்கை சிப்புட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் குன்றுதான். ஆனாலும் கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடித்து ஏறும் பாதை போட்ட நல்ல சுவர்களைத் தேடிப் போகத்தான் வேண்டியிருக்கிறது. பத்துமலையில் குவா டாமாய், ரவாங் பக்கம் புக்கிட் தக்குன், வடக்கே பெர்லிஸில் புக்கிட் கெத்தேரி என்று எல்லாமே தூரம். இதுவரை யாருடைய கார் கிடைத்ததோ அதில் இடம் பிடித்தவர்கள் போனார்கள், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நின்றவர்களில் பலர் இன்னும் தோட்டத்துக்குள் குடியிருக்கும் வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள். "எல்லாரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பி வருவதென்றால் அனுப்புகிறோம்" என்று அம்மாமார் சிலர் என்னிடம் நேரிலேயே சொன்னார்கள். நியாயமான பேச்சு. செயலவையின் பரிந்துரைக்கு அதுவே முதல் காரணம்.

தம்பிமார் பலருக்கு ஹைலக்ஸ் பிக்கப் மேல்தான் கண். நான்கு சக்கரமும் இழுக்கும், செம்மண் சேற்றில் சிக்காது என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் குவா டாமாய் அடிவாரம் வரை தார் ரோடு, தக்குன் பக்கமும் அப்படியே. சேறு இருப்பது நம் செம்பனைக் காட்டு ரோட்டில்தான். பிள்ளைகளை மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது. ஐந்து பேர் மட்டும் உட்காரும் வண்டிக்கு அவ்வளவு பணம் போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

குத்தகையாளர் ஒருவர் தம் பழைய பிக்கப்பை மலிவு விலைக்குத் தர முன்வந்தார். அந்த நல்ல மனதுக்கு மன்றத்தின் நன்றி. உபகரணப் பொறுப்பாளர் தம்பியும் நானும் போய்ப் பார்த்தோம். இன்ஜின் நன்றாகவே இருந்தது. பின்தட்டின் ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் கொப்புளித்து உரிந்து, தகரம் வட்டவட்டமாகத் துருவேறியிருந்தது. ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் கேன்களை அங்கேதான் ஏற்றுவார்களாம். பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அந்த நெடி தெரியும். அது ஃபார்மிக் அமிலம். நாம் ஏறும் கயிறு நைலான், நைலானையே கரைக்கக்கூடியது அந்த அமிலம். பேட்டரி அமிலமும் கயிற்றுக்கு எமன்தான். இதில் பயங்கரம் என்னவென்றால், கயிறு கெட்டுப்போனது வெளியே தெரியாமலே இருக்கலாம். கழுவி எடுத்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளையின் உயிர் தொங்கும் கயிற்றை அந்தத் தட்டில் வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். வேறு எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் அது முன்பு உரம், களைக்கொல்லி, ஆசிட் ஏற்றியதா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். கயிறுகளுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி தனியாக இருக்க வேண்டும்.

பெரோடுவா அருஸையும் பார்த்தோம். ஏழு இருக்கை, வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம், பெட்ரோல் வண்டி. குடும்பத்துக்கு அருமையான வண்டி. ஆனால் மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் கயிறும் ஹெல்மெட்டும் வைக்க இடமில்லை. மடியில் மூட்டையோடு பெர்லிஸ் வரை யார் போவது?

ஆகவே செயலவை பரிந்துரைப்பது, ஹைஏஸ் ரகத்தில் ஜன்னல் வைத்த பழைய வேன் ஒன்று. பத்துப் பேருக்கு மேல் உட்காரலாம், சாமான்கள் மழை வெயில் படாமல் உள்ளேயே இருக்கும். ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. எல்லா இருக்கையும் முன்பார்த்ததாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இருக்கை வார் இருக்க வேண்டும். எதிரெதிரே பெஞ்சு போட்ட வேன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். லோரியில் நின்றுகொண்டே தைப்பூசத்துக்குப் போன தலைமுறை நம்முடையது. நம் பிள்ளைகள் அப்படிப் போகக் கூடாது.

அந்த வேனின் டீசல் செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது உண்மை. ரோன்95 பெட்ரோல் அப்போது 2.05. ஆனால் வேன் இல்லையென்றால் இரண்டு மூன்று கார் ஓட வேண்டும். நான்கு சக்கர வேனுக்கும் காருக்கும் டோல் ஒரே வகுப்பு, இரண்டு மூன்று தரம் கட்டுவதை ஒரே தரம் கட்டுவோம். கூட்டிப் பார்த்தால் வேன் நமக்கு நட்டமில்லை.

ஓட்டுநர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நாள் முழுக்கப் பாறையில் தொங்கிய கையும் காலும் ராத்திரி நெடுஞ்சாலைக்கு ஆகாது. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு ஓட்டுநர்கள் போக வேண்டும். திரும்பி ஓட்டுபவர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பாறையைத் தொடக் கூடாது. இருவருக்கும் தூக்கம் வந்தால் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு லேட்டாக வந்தால் பரவாயில்லை என்று பெற்றோர்களும் சொல்லிவையுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டிக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கிக் காட்டினார். நமக்கு ஒரு வேன் முடியாதா? வண்டி நிதிக்கென மாதம் பத்து ரிங்கிட் தனியாகக் கேட்கிறோம். பயணத்துக்கு ஆள் கணக்கில் கட்டணம் வாங்குவதில்லை, ஏனென்றால் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் அதற்கு வேறு உரிமம் வேண்டும்.

வண்டி மன்றத்தின் பெயரிலேயே பதிவாகும். காப்புறுதியும் சாலை வரியும் பொருளாளர் அக்காவின் பொறுப்பு. டயர், பிரேக், விளக்கு பார்ப்பது உபகரணப் பொறுப்பாளர் தம்பியின் பொறுப்பு. சாவி தலைவர் ஐயா வீட்டில் இருக்கும், பதிவேட்டில் கையெழுத்திடாமல் யாருக்கும், எனக்கும் கூட, கொடுக்கப்படாது. இந்தப் பரிந்துரையை இப்போது பொதுக்கூட்டத்தின் வாக்குக்கு விடுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
சுங்கை சிப்புட், பேராக்