பூச்சியம் காட்டுகிறது என்று கையெழுத்துப் போடாதே மகன்

பேத்தாழை,
வாழைச்சேனை.

அன்பு மகனுக்கு,

முந்தாநாள் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தா. காஸ் கசிவு என்று காதில் விழுந்தாலே அவவுக்கு இரவு நித்திரை வராது. அதுதான் எழுதுகிறேன்.

காஸ் கசிந்தால் காட்டிக்கொடுக்கும் பதினாறு டிடெக்டரும் பூட்டியாகிவிட்டது, அவற்றின் அளவைக் காட்டும் பெனலில் எல்லாம் பூச்சியம், பழுது லைட் ஒன்றும் இல்லை, வேலை சரி என்று கையெழுத்துப் போடலாமா என்றாய். போடாதே. நீ இன்னும் ஒன்றுக்குக்கூடக் காஸ் காட்டிப் பார்க்கவில்லை.

பெனலுக்குத் தெரிந்தது வயரில் வருகிற கரண்ட் மட்டும்தான். 4 மில்லிஅம்பியர் என்றால் பூச்சியம், 20 என்றால் முழு அளவு. வயர் அறுந்தால் 4க்கும் கீழே போய்விடும், பழுது என்று உடனே கத்தும். டிடெக்டருக்குள் காஸை உணரும் சென்சரின் வாய் அடைபட்டிருந்தால்? உள்ளே காஸ் போகாது. அது பாட்டுக்கு 4ஐ அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஐஸ் பெக்டரியில் எனக்கு நடந்தது இதுதான். நல்ல கச்சான் காலம். கொம்பிறசர் அறைக்குள் போனதும் மூக்கில் சுள்ளென்று அமோனியா. பெனலைப் பார்த்தால் பூச்சியம். "மிசின் ஒன்றுமில்லை என்கிறது, உங்களுக்கு மட்டும் எப்படி மணக்குது?" என்று மெனேஜர் கேட்டார். அமோனியா காற்றைவிடப் பாரம் குறைந்தது, மேலே ஏறும். அதனால் டிடெக்டரைக் கூரையோடு, வாய் கீழே பார்க்கப் பூட்டியிருந்தோம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், குளவி ஒன்று வாயை மண்ணால் மெழுகிக் கூடு கட்டியிருக்கிறது! எத்தனை மாதமாக என்று யாருக்குத் தெரியும்? விளக்குமாற்று ஈர்க்கால் மண்ணைக் கிளறி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் 25 பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டி அலாம் அடித்தது. கொம்பிறசரின் தண்டு சீல் கசிந்திருந்தது.

அன்றைக்கு என் மூக்கு என்னைக் காப்பாற்றியது. உன் மூக்கை நீ நம்பாதே. நீ வேலை செய்யும் இடத்தில் இருப்பது ஹைட்ரஜன் சல்பைட். முதலில் கூழ்முட்டை மணம் வரும். 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது, காஸ் போய்விட்டது என்று நினைப்பாய். அது காற்றைவிடக் கொஞ்சம் பாரம் என்பதால் டிடெக்டர் தாழ்வாக, பம்ப், பைப் மூட்டுகளுக்குக் கிட்ட இருக்க வேண்டும். அதற்காக மணல் மூடும் அளவுக்கு நிலத்தோடு வைத்துவிடாதே. மெதேனுக்கு உள்ளவை மேலே.

காஸ் காட்ட முன், சைரனை அடிக்க வைக்கும் ரிலேயைத் தடுத்து வை. நான் ஒருமுறை மறந்து, சைரன் அடித்து, ஐஸ் ஏற்ற நின்ற வள்ளக்காரர் எல்லாம் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இப்போதும் சந்தையில் கண்டால் சிரிக்கிறார்கள். சென்சர் சூடாகி நிலைக்கு வரும் நேரத்தைப் புத்தகத்தில் பார்த்து, அதுவரை பொறு. சுத்தமான காற்றில் பூச்சியத்தைச் சரிசெய்த பிறகுதான் அளவு தெரிந்த சிலிண்டர் காஸ். சிலிண்டரில் காலாவதித் திகதியைப் பார். சென்சரின் வாயில் காஸ் கொடுக்கும் கப்பை இறுக்கமாகப் பிடி. பாலைவனக் காற்று காஸை அள்ளிக்கொண்டு போனால் அளவு குறைவாகக் காட்டும், நீ அதை நம்பிக் கூட்டி வைத்துவிடுவாய், பிறகு சும்மா சும்மா அலாம் அடிக்கும்.

இன்னொன்று. காஸ் காட்டும்போது பெனலுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்து. நீ ஏழாம் இலக்கத்துக்குக் காட்ட, அங்கே எட்டு ஏறினால் வயர் மாறியிருக்கிறது. பதினாறையும் ஒவ்வொன்றாகப் பார்க்க அரை நாள் போகும், போகட்டும். லைட்டரைத் தட்டிப் பார்க்கிற பெடியன்கள் இருந்தால் கிட்டவும் விடாதே. அதிலிருந்து அளவு ஒன்றும் விளங்காது, சென்சரும் கெடும். முடிந்ததும் தடுத்து வைத்த ரிலேயை எடுத்துவிடு. அதை மறக்கிறவர்கள்தான் கூட.

என்ன எழுதுகிறீர்கள் என்று அம்மா இப்போது வந்து கேட்டா. கருவாடு அனுப்புவதைப் பற்றி என்று சொல்லிவிட்டேன். ஆகவே கருவாடும் அனுப்பத்தான் வேண்டும். அங்கே வருகிற ஆள் யாரும் இருந்தால் சொல்லு.

அன்புடன்,
அப்பா