ரசிகர் மன்ற ஆண்டறிக்கை: கோப்பை பால்டிமோருக்கு வந்த 1995

தலைவர் அவர்களுக்கும் மன்றத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. நான் அணியைப் பற்றிப் பேசுகிறேன்.

1984 மார்ச்சில், ஒரே இரவில் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் நம் ஊர் அணியாக இருந்த கோல்ட்ஸ், இண்டியானாபொலிஸ் நகருக்குப் போய்விட்டது. அணியின் பேண்டு வாத்தியக் குழு மட்டும் போகவில்லை. அன்று அவர்களுடைய சீருடைகள் சலவைக் கடையில் இருந்ததால் தப்பின. அணியே இல்லாத ஊரில் அவர்கள் பத்து வருடம் வாசித்தார்கள். 1994-இல் உரிமையாளர் ஜிம் ஸ்பெரோஸ் கனடா கால்பந்து லீக் (சி.எஃப்.எல்.) அணி ஒன்றைக் கொண்டுவந்தபோது, 33-ஆவது தெரு மெமோரியல் ஸ்டேடியத்தில் மறுபடியும் அந்த பேண்டு ஒலித்தது.

புது அணிக்குக் கோல்ட்ஸ் என்ற பெயரை வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அறிவிப்பாளர் "உங்கள் பால்டிமோர் சி.எஃப்.எல்..." என்று நிறுத்துவார், "கோல்ட்ஸ்!" என்று மிச்சத்தை நாம் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். தொண்டை கட்டி வீடு போன நாட்கள் அவை. அணிக்குப் பன்னிரண்டு பேர், பந்தைப் பத்து கஜம் முன்னேற்ற மூன்றே முயற்சி, 110 கஜ மைதானம் என்று புது விதிகளையும் பழகிக்கொண்டோம். கிரே கோப்பைக்கான அந்த வருட இறுதியாட்டத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா அணி கடைசி உதையில் 26-23 என்று நம்மை வென்றது.

1995-இல் ஸ்டாலியன்ஸ் என்று பெயர் கிடைத்தது. டான் மேத்யூஸ் பயிற்சியில் 18 ஆட்டங்களில் 15 வெற்றி. மைக் பிரிங்கிள் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரரானார். அமெரிக்க அணிகள் கனடா ஆட்டக்காரர்களைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று கனடாவில் குறை சொன்னார்கள். அது நியாயமான குறைதான். ஆனாலும் மைதானத்தில் இறங்கி ஜெயிக்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்தானே!

நவம்பர் 6 அன்று, அமெரிக்காவின் பெரிய லீகான என்.எஃப்.எல்.-இல் ஆடும் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்கு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. இறுதியாட்டத்துக்கு இன்னும் 13 நாள்தான் இருந்தது. ஊர்ப் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. நம் ஆட்டக்காரர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வலிக்கிறது. அவர்களோ அடுத்த ஆட்டத்தில் சான் அன்டோனியோவை 21-11 என்று வென்று, இறுதியாட்டத்துக்காகக் கனடாவின் ரெஜைனா நகருக்குப் போனார்கள்.

நவம்பர் 19, ரெஜைனாவின் டெய்லர் ஃபீல்டு மைதானம். ஆளைத் தள்ளும் காற்று. எதிரே கால்கரி அணி, அதில் பெயர்பெற்ற நட்சத்திரம் டக் ஃப்ளூட்டி. தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாம், நம் கிறிஸ் ரைட் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 82 கஜம் ஓடி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் போட்டபோது நாற்காலியை விட்டு எழுந்தவர்கள்தான், அப்புறம் யாரும் சரியாக உட்காரவே இல்லை. கார்லோஸ் ஹுவெர்டா பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஐந்து ஃபீல்டு கோல் அடித்தார். டிரேசி ஹாம் ஆட்ட நாயகன். 37-20! கிரே கோப்பை முதன்முதலாகக் கனடாவை விட்டு வெளியே வந்தது, வந்தது நம் ஊருக்கு.

இந்த 1996-இல் நம் அணி கனடாவின் மான்ட்ரியலுக்குப் போகிறது. பிரவுன்ஸுக்கு வரவேற்புக் கூட்டம் நடத்தலாமா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். பத்து வருட வேதனை என்னவென்று தெரிந்த நாம், கிளீவ்லாண்ட் ரசிகர்களின் அதே வேதனை மேல் பந்தல் போட என் மனம் ஒப்பவில்லை. அதைக் கூட்டம் முடிவு செய்யட்டும்.

மன்றத்தின் பெயரை மாற்றும் தீர்மானமும் இன்று வருகிறது. இரண்டு வருட நுழைவுச்சீட்டுத் துண்டுகள், படங்கள் வைத்திருப்பவர்கள் என்னிடம் தாருங்கள். மன்ற அறையில் சட்டம் போட்டு மாட்டுவதற்கு இடம் ஒதுக்கியாயிற்று.

செயலாளர்