கணக்கு ஆசிரியையாகிவிட்ட மகளுக்கு

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் சம்பாப் பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மற்றதெல்லாம் நீ அறிந்ததுதான்.

சில வாரங்களாக நீ தொலைபேசியில் "சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு வேலையும் உன் தலையில்தான் என்பது எனக்குத் தெரியும். நீ ஏதோ சொன்னபின் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட உன் வகுப்புப் பையனைப் பற்றி நீ அம்மாவிடம் சொன்னதும் தெரியும். அதைக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. என் கணக்கு வாத்தியாரைப் பற்றி உனக்கு நான் முழுதாக ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அவர் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டாலே ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு இரண்டும் அடங்கிவிடும். கவராயம் இல்லாமல் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். அதில் கோணல் கண்டவர் யாரும் இல்லை. 1983இல் நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய ஆண்டு, மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலையில் பள்ளியைத் திறந்து காசு வாங்காமல் தனி வகுப்பு எடுத்தார். முப்பத்தைந்து மதிப்பெண்ணைத் தொட மாட்டோம் என்று வீட்டில் கைவிட்டிருந்த எங்களில் பலரைக் கரையேற்றியவர் அவர். ஆகையால் அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வடிவியல் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது என்பதையும் மறைக்க முடியவில்லை.

கோண இருசமவெட்டித் தேற்றம் உனக்கு மனப்பாடம். ஏபிசி முக்கோணத்தில் ஏ என்னும் கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் ஏடி என்ற கோடு, எதிர்ப்பக்கத்தை மற்ற இரு பக்கங்களின் விகிதத்திலேயே பிரிக்கும். தரவு, நிரூபிக்க வேண்டியது என்பது வரை எல்லோருக்கும் வந்துவிடும். அடுத்தது அமைப்பு: சி என்ற புள்ளி வழியாக ஏடிக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, பிஏவை நீட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஈ என்று பெயரிட வேண்டும். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது, அதை ஏன் அங்கே வரைய வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் துணிச்சல் இல்லை. கேட்டவனுக்கு "போடு என்றால் போடு" என்பதுதான் பதில்.

கேட்டவன் என் சிநேகிதன். நம் வீட்டுக்குக் கதிர் அறுக்கும் சமயத்தில் வருவாரே, அந்த மாமாதான். வகுப்பிலேயே வாய்க்கணக்கில் அவனை வெல்ல ஆள் கிடையாது. ஒருநாள் வாத்தியார் அவனைக் கரும்பலகைக்கு அழைத்து அதே தேற்றத்தை நிரூபிக்கச் சொன்னார். அமைப்பு வரைக்கும் எழுதினான். அதற்கு மேல் கை ஓடவில்லை. பாடவேளை முடியும் வரை அவனை அங்கேயே நிற்க வைத்தார். அவன் விரலிடுக்கில் இருந்த சாக்பீஸ் வியர்வையில் ஊறி நுனி கரைந்து, சட்டைக்கையெல்லாம் வெள்ளையாக வழிந்தது. மணி அடிக்கும்போது, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றார். எத்தனையோ பிள்ளைகளிடம் சொன்ன சொல்தான் அது. ஆனால் அவன் உண்மையாகவே தினமும் மாட்டைக் கழனிக்கு ஓட்டிக் கட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன். வகுப்பு முழுதும் சிரித்தது. மறுநாள் முதல் அவன் வரவில்லை.

புளிய விளாறால் நான் வாங்கிய அடிகளில் ஒன்றுகூட எனக்கு இப்போது வலிக்கவில்லை, பாப்பா. அவன் நின்ற நிற்பு வலிக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தராக இருந்த காலத்தில் பயிர்க்கடனுக்கு வருவான். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று குழிக்கணக்கு வரை பிரித்து, எத்தனை மாவுக்கு எவ்வளவு கடன், வட்டி எவ்வளவு என்பதை நான் காகிதத்தில் போட்டு முடிப்பதற்குள் மனத்திலேயே சொல்லிவிடுவான். படிவத்தை நீட்டினால் மட்டும், "நீயே எழுதிவிடு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்தக் கோட்டின் காரணத்தை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? நீதான். பத்தாம் வகுப்பில் திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள், நான் கேட்டதும் பென்சிலைக் கீழே வைக்காமலேயே சொன்னாய்: "ஏபியும் ஏசியும் வேறு வேறு திசையில் இருக்கிறதே அப்பா, இணைகோடு முக்கோணத்தின் இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்கிற தேல்ஸ் தேற்றத்துக்கு இரண்டும் ஒரே கோட்டில் வேண்டும். அதனால் ஏசியின் நீளத்தைத் திருப்பி பிஏக்குத் தொடர்ச்சியாக வைக்கிறோம், அதுதான் ஏஈ." அவ்வளவுதான். என் பள்ளிக்காலம் முழுதும் யாரும் சொல்லாத ஒரு வாக்கியம். அன்றைக்கே உன் அம்மாவிடம், இவள் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பிறந்தவள் என்றேன். பி.எட். முடித்து, டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, அவ்வளவு தூரத்துப் பள்ளிக்கு நீ பணி ஆணை வாங்கியபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். இப்போதும் சொல்கிறேன்.

அதனால்தான் மனம் கேட்கவில்லை. நீ பிள்ளைகளை அடிக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமா தடுக்கிறது? மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத்தானே தடுக்கிறது? இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டிப்பாக இரு. வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுப்பாடம் வரவில்லையென்றால் கேள், படி விட்டால் திரும்ப எழுதச் சொல். ஆனால் தெரியாதவனைக் கரும்பலகை முன்னால் நிறுத்தாதே.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். இந்த 2025-26ஆம் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை, 2020இல் பள்ளிகளை மூடியபோது மூன்றாம் வகுப்பின் கடைசியில் இருந்திருப்பான். நான்காம் வகுப்பு முழுவதும் வீட்டில் போயிற்று. 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பிலும் பாதி முடிந்துவிட்டது. நெடுவகுத்தலும் பின்னமும் கைக்குப் பழக வேண்டிய காலம் அதுதானே? கைப்பேசி இருந்த வீட்டில் எதையோ பார்த்தார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வரும் குடும்பத்தில் அதுவும் இருந்திருக்காது. பிறகு, தன்னார்வலர்கள் வீட்டருகே வந்து பாடம் சொல்லும் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அது எட்டிய பிள்ளைகளும் உண்டு, எட்டாத பிள்ளைகளும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தடையில்லாமல் கிடைத்து உன்னிடம் வந்து சேர்ந்தவனிடம் காரணிப்படுத்தச் சொன்னால், அவன் எதைக் கொண்டு செய்வான்? உன் பாடம் அவனுக்குப் புரியாமல் போனதற்கு நீயும் காரணமில்லை, அவனும் காரணமில்லை. கணக்கு மட்டும்தான் இப்படி, ஒரு படி விட்டால் அடுத்த படியில் கால் வைக்கவிடாது.

கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும்.

நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவன் பள்ளிக்கு வராமல் எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் எனக்குக் கவலை. நாள் ஆக ஆக வருவது கடினம். வேலையில் சேர்ந்து கையில் கூலியும் வந்துவிட்டால் வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். எங்கள் வாத்தியார் ஒருமுறை என் சிநேகிதன் வீட்டு வாசலுக்குப் போயிருந்தால் அவன் வந்திருப்பான் என்றே நான் நினைக்கிறேன். அவருக்கு அது தோன்றவில்லை.

இந்தச் சனிக்கிழமை தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, உள்ளூர் ஆசிரியர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு உன் மாணவன் வீட்டுக்குப் போய் வா. தனியாகப் போகாதே. பெற்றோர் ஊரில் இல்லையென்றால் பாட்டி தாத்தாவிடம் பேசு. வந்தானென்றால் மதிய உணவு இடைவேளையில் கொஞ்ச நேரம், யாரும் பார்க்காத இடத்தில், வகுத்தலிலிருந்து தொடங்கு. தேற்றம் பிறகு பார்க்கலாம்.

நெய்யும் கருவடாமும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அரையாண்டு விடுமுறைக்கு என்றைக்கு வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அதை மெதுவாகச் சொல்லலாம். சனிக்கிழமை போனது என்னவாயிற்று என்பதை மட்டும் அன்று இரவே எனக்குத் தொலைபேசியில் சொல்; அம்மாவிடம் சொல்லியனுப்பாதே, என்னிடமே சொல்.

அன்புடன்,
அப்பா