வீட்டு பியரில் வாயுவும் நுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பியர் தயாரிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த குறிப்பில், புட்டியில் அடைக்கும்போது, வாயு உண்டாக ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்க்குமாறு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. தேக்கரண்டிக் கணக்கை நம்பக் கூடாது. லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் என எடைபோட்டு, சிறிது நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் மொத்த பியரிலும் மெதுவாகக் கலந்தால்தான் எல்லாப் புட்டிகளிலும் வாயு ஒரே அளவாக இருக்கும். அடர்த்திமானி (ஹைட்ரோமீட்டர்) காட்டும் அளவு இரண்டு மூன்று நாட்கள் மாறாமல் நிற்கிறதா, அதாவது நொதித்தல் முடிந்துவிட்டதா என்று பாராமல் அடைத்தால், டர்பனின் ஜனவரிக் கோடை வெக்கையில் கண்ணாடிப் புட்டி வெடிக்கவும் கூடும்.

அடைத்தவற்றை 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தபின், குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு நாள் வைக்க வேண்டும். குளிர்ந்த பியரில்தான் கரியமில வாயு நன்றாகக் கரைந்து தங்கும் என்பதால், மாலையில் உள்ளே வைத்து இரவே திறப்பவர்களுக்கு (நம் விருந்துகளில் இதுவே வழக்கம்) நுரை பொங்கி வழிந்து, பியர் விரைவில் சப்பென்று ஆகிவிடுகிறது.

வாயு இருந்தும் நுரை உடனே அடங்கினால், குற்றம் பெரும்பாலும் குவளையுடையது. மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) புரதமும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருளும் சேர்ந்து நிறுத்தும் நுரையை எண்ணெய்ப் பிசுக்கு கலைத்துவிடும். பியர் ஊற்றியதும் குவளையின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால், அது சரியாகக் கழுவப்படவில்லை. சோப்பு போக வெந்நீரில் அலசி, சமையலறைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைப்பதே போதும். செலவைக் குறைக்க மால்ட்டுக்குப் பதில் சர்க்கரையைக் கூட்டுபவர்களுக்கு மட்டும், பியரில் அந்தப் புரதம் குறைவதால், இதனால் பெரிய பயன் இராது; அவர்கள் கோதுமை மால்ட் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்